கரையோடு நடந்து: காவிரிப் படுகையில் ஆறு நாள்

முதல் நாள் – வடுவூர்

தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி செல்லும் அதிகாலைப் பேருந்தில் ஏறி, சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி வடுவூரில் நாங்கள் இறங்கியபோது தைப்பனி இன்னும் விலகியிருக்கவில்லை. நாங்கள் என்றால் நானும் என் சித்தப்பாவும். சித்தப்பா பாசனத்தில் லஸ்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெல்டாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: மதகுகளை ஏற்றி இறக்கவும், கரை உடையாமல் இரவும் பகலும் நடந்து பார்க்கவும் பொறுப்பானவர் லஸ்கர். அப்படி நடந்து நடந்து அவருடைய இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. சமதரையில் நடக்கலாம், ஏறி இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆகவே இந்தப் பயணத்துக்கு நான் தேர்ந்தெடுத்த பாதைகள் எல்லாம் ஏரிக்கரைகளும் வாய்க்கால் கரைகளும் கடற்கரைகளுமே. ஒரு நடைக்கு மூன்று கிலோமீட்டருக்கு மேல் போவதில்லை என்றும், நடுவில் உட்கார இடம் இருக்க வேண்டும் என்றும் முடிவு செய்துகொண்டோம். வயதானவர்களை அழைத்துக்கொண்டு பறவை பார்க்கப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்புகள் பயன்படும் என்ற எண்ணத்தில்தான் அன்றன்றைக்கு எழுதுகிறேன்.

வடுவூர் ஏரி 128 ஹெக்டேர் பரப்புள்ள பாசன ஏரி. பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இது, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்றது. கரை அகலமானது, மேடுபள்ளம் அதிகம் இல்லை. காலையில் கிழக்குப் பக்கத்தில் நின்றால் வெயில் முதுகில் விழும், பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். எதிர்ப்பக்கம் நின்றால் எல்லாமே கருநிழலாகிவிடும். மாலையில் இது அப்படியே மாறும். எந்த ஏரிக்குப் போனாலும் முதலில் இதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி, எட்டு மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் வாத்துகளை எண்ணிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா கீழே மதகடியில் நின்று வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் மதகுச் சுவரைக் காட்டினார். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பாசி இன்னும் பச்சை மாறாமல் ஈரமாக ஒட்டியிருந்தது. அதற்கு மேலே காய்ந்து வெளுத்த கோடு.

"தண்ணி இறங்க ஆரம்பிச்சு நாலஞ்சு நாள்தான் ஆவுது தம்பி. அந்த ஓரத்துல சேறு தெரிய ஆரம்பிச்சிருக்கும், அங்க பாரு" என்றார்.

அவர் காட்டிய திசையில், கோரை முடியும் இடத்தில், இரண்டு கை அகலத்துக்குப் புதுச்சேறு வெளிப்பட்டிருந்தது. நான் கோபுரத்திலிருந்து அரை மணி நேரம் தேடியும் காணாத உள்ளான்கள் என்னும் சிறு கரைப்பறவைகள் ஏழெட்டு அந்தச் சேற்றில் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன. இத்தனை ஆண்டுகளாக நான் பறவையைத் தேடித் தண்ணீரைப் பார்த்துவந்திருக்கிறேன். தண்ணீரை முதலில் பார்த்தால் பறவை தானாகக் கண்ணில் படும் என்பதை இன்றைக்குத்தான் ஒருவர் எனக்குச் செய்து காட்டினார்.

அதன் பிறகு ஏரியை ஆழம் ஆழமாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினோம். ஆளுயரத் தண்ணீர் நிற்கும் நடுப்பகுதியில் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகங்களும் பாம்புத்தாராவும் இருந்தன. பாம்புத்தாரா உடலை நீருக்குள் வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்துவதால் அந்தப் பெயர். நீரில் நட்டு வளர்த்த நாட்டுக் கருவேல மரங்களில் இவை சிறகை விரித்துக் காய வைப்பது வீம்புக்காக அல்ல. இவற்றின் இறகு வாத்தின் இறகைப் போலத் தண்ணீரை முழுவதும் தள்ளிவிடாது, நனையும். நனைவதால் எளிதாக முங்க முடிகிறது, முங்கியதால் உலர்த்த வேண்டியிருக்கிறது. இடுப்பளவுத் தண்ணீரில் ஊசிவால் வாத்துகள் தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி நின்றன. அவை முங்குவதில்லை, கழுத்து எட்டும் ஆழம் வரைதான் மேயும். முழங்கால் ஆழத்தில் வெள்ளை அரிவாள் மூக்கன்களும் சாம்பல் நாரைகளும் நின்றன.

அல்லி இலைகள் படர்ந்த இடத்தில், கரையிலிருந்து பத்தடி தொலைவில், ஓர் இலைக்கோழி நடந்துகொண்டிருந்தது. அதன் விரல்கள் கால் அளவுக்கே பொருந்தாத நீளம். ஓர் இலையில் கால் வைத்ததும் இலை மெல்ல அமுங்கி விளிம்பில் தண்ணீர் ஏறுகிறது. அந்தத் தண்ணீர் விரலைத் தொடுவதற்குள் அடுத்த காலை அடுத்த இலையில் பரப்பிவிடுகிறது. இந்தப் பறவையில் அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான் என்று சொன்னபோது சித்தப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் திட்டமிட்டிருந்தது ஒன்றரை மணி நேரம். கரையை விட்டு இறங்கியபோது பதினொரு மணி ஆகியிருந்தது.

இரண்டாம் நாள் – உதயமார்த்தாண்டபுரம்

மன்னார்குடியில் தங்கி, விடிந்ததும் திருத்துறைப்பூண்டி வழியாகத் தெற்கே வந்தோம். சாலையின் ஒரு பாதியை நெல் அடைத்திருந்தது. சம்பா அறுவடை நடக்கும் காலம், கொள்முதல் நிலையங்களுக்கு முன்னால் குவியல் குவியலாக நெல் காத்துக்கிடக்கிறது. அறுவடை இயந்திரம் ஓடும் வயல் ஒவ்வொன்றிலும் அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் வரிசை கட்டி நடந்தன. இயந்திரம் கிளப்பிவிடும் பூச்சியும் தவளையும் அவற்றுக்கு. கண்ணுக்கு நேராக இவ்வளவு கொக்குகள் இருக்கும்போது சரணாலயத்துக்கு ஏன் போகிறோம் என்று ஓட்டுநர் கேட்டது நியாயமான கேள்விதான். சரணாலயத்தில் தூங்கிக் கூடு கட்டும் பறவைக்குச் சோறு போடுவது இந்த வயல்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்குச் சரியாகும்.

உதயமார்த்தாண்டபுரம் ஏரி வடுவூரை விடச் சிறியது. 2022இல் இதுவும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மேட்டூர்த் தண்ணீர் கால்வாய்கள் வழியே வந்து சேரும் மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நிறைந்திருந்து, கோடையில் வறண்டுவிடும். ஆகவே ஜூன் மாதத்தில் வந்து பறவை இல்லையே என்று ஏமாறக் கூடாது. கரை குறுகலானது என்றாலும் காலுக்கு உறுத்தாத மண். கைத்தடியை ஊன்றிக்கொண்டு சித்தப்பா மெதுவாக நடந்தார்.

இது நத்தைகுத்தி நாரைகளின் ஊர். அலகின் நடுவே ஒரு சிறு இடைவெளி இருக்கும், மூடினாலும் மூடாது. நத்தையை அந்த இடைவெளியில் வைத்துப் பாக்குவெட்டியைப் போல நசுக்குகிறது என்றுதான் நானும் சிறுவயதில் நம்பியிருந்தேன். இன்று கரைக்குக் கீழே உள்ள வடிகாலில் ஒன்று வேலை செய்வதைச் சுமார் நாற்பதடி தொலைவிலிருந்து முழுதாகப் பார்த்தோம். சேற்றில் அலகை விட்டுத் துழாவி ஒரு நத்தையை எடுத்தது. அதைத் தூக்கி உடைக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே மேல் அலகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கூரான கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, தலையை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்தது. சதையை ஓட்டோடு பிணைத்திருக்கும் தசையை உள்ளே அறுக்கிறது. கொஞ்ச நேரத்தில் சதை மட்டும் வெளியே வந்தது. பறவை போன பிறகு வடிகால் ஓரத்தில் கிடந்த ஓடுகளைச் சித்தப்பா கைத்தடியால் புரட்டினார். பெரும்பாலானவை உடையாமல் முழுதாக இருந்தன.

"நத்தை இருக்குன்னா அந்த வயல்ல தண்ணி தங்கியிருக்குன்னு அர்த்தம். மொறப்பாசனத்துல தண்ணி நின்ன வருசம் இதுங்களும் கொறஞ்சிடும்" என்றார். அவர் பறவைக் கணக்கெடுப்பு எதிலும் கலந்துகொண்டவர் அல்லர். ஆனால் எந்த ஆண்டில் எந்த வாய்க்காலில் எத்தனை நாள் தண்ணீர் ஓடியது என்பது அவருக்கு நினைவிருக்கிறது.

மரங்களில் கூடுகள் நெருக்கமாக இருந்தன. சிலவற்றில் நன்றாக வளர்ந்த குஞ்சுகள் நின்றுகொண்டிருந்தன. கரையை விட்டு இறங்கி மரத்தை நெருங்க வேண்டாம் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தாய்ப்பறவை ஒரு முறை எழுந்து பறந்தால் போதும், காக்கைகள் முட்டையையும் சிறு குஞ்சையும் கொண்டுபோய்விடும். வெயிலேறிய பிறகு என்றால் நிழல் இல்லாமலே குஞ்சு வாடிவிடும். படம் எடுப்பதற்காகக் கைதட்டிப் பறவைகளை எழுப்பிய இளைஞர்கள் சிலரை இன்று பார்த்தோம். சித்தப்பா அவர்களைத் திட்டவில்லை. அருகில் அழைத்து, தொலைநோக்கியைக் கையில் கொடுத்து, ஒரு கூட்டைக் காட்டினார். பிறகு அவர்கள் கைதட்டவில்லை.

மூன்றாம் நாள் – முத்துப்பேட்டை

இது நடைக்கான இடம் அல்ல என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். வனத்துறை அனுமதியோடு ஜாம்பவானோடைப் பக்கத்திலிருந்து படகில் அலையாத்திக் காட்டுக்குள் போய்வர வேண்டும். கோரையாறும் பாமனியாறும் பிற கிளைகளும் கடலைச் சேரும் முகத்தில் காயலும் காடும் பரந்து கிடக்கின்றன. சேற்றிலிருந்து ஆணி அடித்ததுபோல் மேல்நோக்கி நிற்கும் மூச்சுவேர்களுக்கு இடையே சேற்றுத்தாவி மீன்கள் துள்ளின. படகின் இயந்திரச் சத்தத்தில் பெரும்பாலான பறவைகள் நமக்கு முன்னாலேயே எழுந்துபோய்விடுகின்றன. காட்டைப் பார்க்க வேண்டுமானால் கட்டாயம் வர வேண்டிய இடம். பறவை மட்டும்தான் நோக்கம் என்றால் இந்த நாளைக் கோடியக்கரைக்குக் கொடுத்துவிடலாம். படகில் ஏறி இறங்கியதில் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி கண்டுவிட்டது. மாலையில் வேதாரண்யம் வந்து சுடுநீர் ஒத்தடம் கொடுத்தோம்.

நான்காம் நாள் – கோடியக்கரை, காடு

வடக்கிலிருந்து நேராக வரும் கிழக்குக் கடற்கரை கோடியக்கரையில் திடீரென்று மேற்கே திரும்புகிறது. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. நிலம் முடியும் இந்த முனையில்தான் மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு வடக்கிலிருந்தும் வரும் பறவைகள் வந்து குவிகின்றன. 1967இல் சரணாலயமானது. 2002இல் காடு, பெரிய சதுப்பு நிலம், தலைஞாயிறு காப்புக்காடு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு எல்லாவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சர் நிலமாக அறிவிக்கப்பட்டது. பறவையியலாளர் சாலிம் அலியின் அக்கறைக்குரிய இடமாக இருந்ததும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால்வளையம் இட்டுவந்ததும் இங்கேதான். நீங்கள் பார்க்கும் பறவையின் காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் அதன் நிறத்தையும் எந்தக் காலில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சிறு குறிப்பிலிருந்து அது புறப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

காட்டுப் பாதை மணற்பாங்கானது. மணல் இறுகியிருக்கும் காலையில் நடப்பது எளிது. வெயிலேறினால் கால் புதையும். பாலை மரங்கள் தாழ்ந்து வளைந்து கடற்காற்றுக்குப் பணிந்து நிற்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த மரங்களின் கட்டைகள் இன்னும் சில இடங்களில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின்மேல் சித்தப்பாவை உட்கார வைத்துவிட்டு நான் காத்திருந்தேன். காத்திருந்தது ஆறுமணிக்குருவிக்காக. இமயமலை அடிவாரம் வரை வடக்கே கூடுகட்டி, குளிர்காலத்துக்குத் தெற்கே வரும் இந்தக் குருவி, விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் பெற்றது. குரலை மூன்று முறை கேட்டோம். பிறகு புதருக்கடியில் சருகு புரளும் ஓசை. பச்சை முதுகு, பழுப்பு வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு. ஒரு நொடி நின்று, சருகைத் தள்ளி, ஒரு புழுவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. வேறு எதுவும் இன்று பார்க்காவிட்டாலும் எனக்குக் குறையில்லை.

புல்வெளியில் வெளிமான்களும் மட்டக்குதிரைகளும் மேய்ந்தன. காட்டில் மிகுந்திருக்கும் சீமைக் கருவேலம் இந்தப் புல்வெளியையும் தின்றுகொண்டிருப்பது கண்கூடாகத் தெரிகிறது. அதை அகற்றும் வேலை நிற்காமல் நடக்க வேண்டும்.

ஐந்தாம் நாள் – கோடியக்கரை, சதுப்பும் உப்பளமும்

1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பு அள்ளிய வேதாரண்யத்தில் இன்றும் உப்பளம்தான் வாழ்க்கை. உப்பளங்களை ஒட்டிய கரைகளில், அனுமதி உள்ள இடத்தில் மட்டும், நாங்கள் இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். மேடு பள்ளம் எதுவும் இல்லாத பாதை. நிழலும் இல்லை; தொப்பியும் தண்ணீரும் இல்லாமல் வரக் கூடாது.

இங்கே ஆழத்தின் கணக்கு அடியில் இல்லை, அங்குலத்தில் இருக்கிறது. கரையடியில் விரற்கடைத் தண்ணீரில் கொசு உள்ளான்கள் நூற்றுக்கணக்கில் மேய்ந்தன. ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். ஆர்க்டிக் பகுதியின் பனிவெளியில் பிறந்த இந்தச் சிறு உயிர் இவ்வளவு தொலைவு பறந்துவந்து, நம்முடைய சேற்றில் புழுவையும் சிற்றுயிர்களையும் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, மார்ச்சுக்குப் பிறகு மீண்டும் அங்கே போக வேண்டும். ஒரு சாண் தண்ணீர் கூடினாலும் அதற்குச் சோறு இல்லை, முழுக்கக் காய்ந்தாலும் இல்லை. சற்று ஆழத்தில் வளைமூக்கு உள்ளான்கள் வயிறு நனைய நின்று மேய்ந்தன. அதற்கும் அப்பால் பவளக்கால் உள்ளான்கள். அலகின் நீளமும் காலின் நீளமும் சேர்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கின்றன. ஒன்றின் வரப்பை இன்னொன்று தாண்டுவதில்லை. இந்தக் கூட்டங்களுக்குள் கரண்டிமூக்கு உள்ளானைத் தேடுவது என் வழக்கம். உலகிலேயே அரிதாகிவிட்ட அது ஒரு காலத்தில் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்றும் தேடினேன், காணவில்லை.

பூநாரைகளைத் தொலைவில் முதலில் பார்த்தபோது உப்புக் குவியல்கள் என்றே நினைத்தோம். அவை நகர்ந்த பிறகுதான் தெரிந்தது. முழங்கால் ஆழத்தில் வரிசையாக நின்று, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகைத் தண்ணீரில் வைத்து அரித்தெடுக்கின்றன. அலகுக்குள் சல்லடைபோல் அமைப்பு இருக்கிறது. நாக்கால் தண்ணீரை உறிஞ்சி வெளியே தள்ளும்போது பாசியும் சிறு இறால்வகை உயிர்களும் தங்கிவிடும். அந்த உணவில் உள்ள நிறமியே இறகின் சிவப்பு. ஒன்று ஒரே இடத்தில் மாறி மாறிக் கால் வைத்துச் சேற்றை மிதித்துக்கொண்டே சுற்றி வந்தது. எண்பதுக்குப் பிறகு நான் எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

படம் தெளிவாக வரவேண்டும் என்று கரையிலிருந்து இறங்கி, வெள்ளையாக இறுகிக் கிடந்த உப்புத் தரையில் நாலு எட்டு வைத்தேன். ஐந்தாவது எட்டில் மேல்தோல் உடைந்து முழங்காலுக்கு மேல் சேற்றில் போய்விட்டேன். அசையும்தோறும் உள்ளே இழுத்தது. சித்தப்பா பதறவில்லை. "மல்லாந்து சாஞ்சுக்க, காலை மெதுவா முறுக்கி எடு" என்றபடி கைத்தடியை நீட்டினார். செருப்பு ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. சதுப்பு நிலத்தில் மேலே காய்ந்திருப்பதை நம்பிக் கரையை விட்டு இறங்கவே கூடாது. தனியாக வந்தவர்கள் ஒருபோதும் கூடாது. நான் இறங்கியதில் அந்தப் பக்கத்து உள்ளான் கூட்டமும் எழுந்து போய்விட்டது. அவற்றின் ஒரு வேளை மேய்ச்சலைக் கெடுத்தது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

இந்தச் சதுப்பின் உப்பு மழைக்கு ஏற்ப மாறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நன்னீர் சேர்ந்து உப்பு குறையும். கோடையில் கடல்நீரை விடக் கரிக்கும். மேலிருந்து வாய்க்கால்கள் வழியே வந்து சேரும் நன்னீர் குறையக் குறைய, உப்பு கூடும் காலம் முந்திவிடும், இங்கே விளையும் சிற்றுயிர்களும் மாறும். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்ற முறையீட்டை நாம் உழவர்களிடம் கேட்டிருக்கிறோம். கடைமடைக்கும் அப்பால் ஒரு மடை இருக்கிறது, அதில் இந்தப் பறவைகள் நிற்கின்றன என்பதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "கடைசி ஷட்டருக்கு அந்தாண்ட வடியற தண்ணிய வீணாப் போவுதுன்னுதான் நாங்க எழுதுவோம்" என்றார். பிறகு திரும்பும்வரை எதுவும் பேசவில்லை.

ஆறாம் நாள் – பூம்புகார்

நாகப்பட்டினம், தரங்கம்பாடி வழியாகக் கடற்கரையோரமாகவே வடக்கே வந்தோம். மாலை நான்கரைக்குப் பூம்புகாரில் கடற்கரையில் இறங்கி, அலை நனைத்து இறுகிய மணலில் தெற்கும் வடக்குமாக மெதுவாக நடந்தோம். கடற்கரையில் நடக்க இதைவிட எளிய வழி இல்லை. காய்ந்த மணலில் முழங்காலுக்கு இரட்டிப்பு வேலை. அலை பின்வாங்கும்போது அதன் பின்னால் ஓடிக் குத்தியும், திரும்பி வரும்போது முன்னால் ஓடியும் உப்புக்கொத்திகள் சில மேய்ந்தன. குப்பை நிறையக் கிடந்தது. ஒரு மீன்பிடி வலைத்துண்டில் கால் சிக்கிய கடற்காகத்தைப் பார்த்தோம். நெருங்குவதற்குள் வலையோடு பறந்துவிட்டது.

மேட்டூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்த காவிரி, கடலில் சேரும் இடத்தில் ஒரு வாய்க்கால் அளவுதான் இருக்கிறது. முகத்துவாரத்து மணல்திட்டில் பழுப்புத்தலைக் கடற்காகங்களும் ஆலாக்களும் காற்றுக்கு எதிராக முகம் வைத்து நின்றன. அவற்றில் தடித்த சிவப்பு அலகோடு ஒன்று மற்றவற்றை விடத் தலைக்கு மேல் உயர்ந்திருந்தது; ஆலாக்களிலேயே பெரிய காஸ்பியன் ஆலா அது. தொலைநோக்கியைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் ஆலாவைப் பார்த்துவிட்டு, கைத்தடியைத் தண்ணீர் விளிம்பில் ஊன்றி ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்.

"இருவத்தெட்டுக்கு மேட்டூரை மூடுவாங்க. அப்புறம் இங்க வர்றது வடிகால் தண்ணி மட்டுந்தான்" என்றார். வழக்கப்படி ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும் அணை. இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன.

"வடுவூர் ஓரம் இப்ப இன்னும் ஒரு மொழம் தெரிஞ்சிருக்கும். ஊருக்குப் போற வழியில எறங்கிப் பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டார். நாளைக் காலைப் பேருந்துக்கு மணி விசாரித்துவிட்டோம்.